மாய உலகிற்குச் செல்லும் வழி: மணிபல்லவமும் டோல்கீனின் நடுவுலகும்

முன்னுரை

புனைவிலக்கியம் படைத்துக் காட்டும் மாய உலகு, நாம் வாழும் இவ்வுலகிற்கு எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது? இவ்வினா முதல் நோக்கில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இல்லாத உலகிற்கு இடம் எங்கே என்று கேட்டு இதனை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆயினும் மாய உலகைப் படைத்த ஆசிரியர்கள் எவரும் இவ்வினாவை ஒதுக்கவில்லை. தாம் படைத்த உலகு இம்மண்ணின் பழங்காலமா, இம்மண்ணின் ஒரு மூலையா, இதனோடு தொடர்பற்ற வேறொன்றா என்பதை அவர்கள் முன்னரே முடிவு செய்துகொள்கின்றனர். அம்முடிவு கதையின் நிலவியலை மட்டுமன்றி, அக்கதையின் அறத்தையும் வரையறுத்து விடுகிறது.

தமிழ்த் திறனாய்வில் இவ்வினா உரிய இடத்தைப் பெறவில்லை. காப்பியங்களில் வரும் வியத்தகு இடங்களையும் நிகழ்ச்சிகளையும் ‘இயற்கை இறந்தவை’ என ஒரே தலைப்பில் தொகுத்துப் பட்டியலிடுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மற்றொரு சாரார் அவ்விடங்களை இன்றைய நிலப்படத்தில் குறித்துக் காட்ட முனைகின்றனர். இவ்விரு போக்குகளாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தைக் கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டிற்கு ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த நடுவுலகு முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே தாக்கம் உண்டென்று நாம் கூறவில்லை. ஒரே வினாவிற்கு இரு மரபுகள் தரும் வேறுபட்ட விடைகளையே நோக்குகிறோம்.

வழக்கும் உலகும்

தொல்காப்பியம் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டின் இணைவாகக் காண்கிறது. இலக்கிய உலகு முழுவதும் புனைந்ததுமன்று. முழுவதும் கண்டதுமன்று என்னும் தெளிவு இதில் உள்ளது. அகப்பாடலின் குறிஞ்சி எந்த மலை என்று நாம் கேட்பதில்லை. அதே வேளையில் அதன் சுனையும் தினைப்புனமும் நாம் அறிந்த மலையிலிருந்து வந்தவை என்பதையும் மறுப்பதில்லை.

மேலை மரபில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் டோல்கீன் குறிப்பிடத்தக்கவர். தேவதைக் கதைகள் பற்றி 1939ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு 1947இல் கட்டுரையாக வெளிவந்தது. இறைவன் படைத்த முதல் உலகு, கதைஞன் அதன்கீழ்ப் படைக்கும் இரண்டாம் உலகு என்று அவர் அதில் பகுத்துரைத்தார். இரண்டாம் உலகினுள் நுழைந்த வாசகன், அவ்வுலகின் விதிகளுக்கு உட்பட்டு அதனை நம்புகிறான். அந்நம்பிக்கை குலையும்போது கலை தோற்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. நாடக வழக்கு தனக்கென ஓர் ஒழுங்குடையது என்னும் நம் மரபுக் கருத்திற்கு இது நெருக்கமானது. எனினும், இரண்டாம் உலகு முதல் உலகிற்கு எங்கே உள்ளது என்பதில் மேலை ஆசிரியர்கள் தம்முள் பெரிதும் வேறுபடுகின்றனர்.

மேலைப் புனைவில் மூன்று நிலைகள்

முதல் நிலை, மாய உலகை இவ்வுலகின் மறைந்த பழங்காலமாகக் காண்பது. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937இலும் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. இவற்றின் களமாகிய நடுவுலகு வேறொரு கோள் அன்று. மனிதர் வாழும் நிலவுலகைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லின் வழிவந்ததே அப்பெயர். இடம் நம்முடையது, காலம் மட்டுமே கற்பனை என்பதை ஆசிரியர் தம் கடிதங்களிலும் தெளிவுபடுத்தியுள்ளார். பழைய ஏடு ஒன்றைத் தாம் மொழிபெயர்த்துத் தருவதாக அவர் அமைத்துக்கொண்ட பாவனையும் இதற்கு அரண் செய்கிறது.

இரண்டாம் நிலை, வேறோர் உலகை ஒரு வாயிலின் வழியே இவ்வுலகோடு இணைப்பது. சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக வெளியிட்ட நார்னியாக் கதைகள் இவ்வகையின. முதல் நூலில் ஓர் அலமாரிக்குள் புகும் சிறுவர் நால்வர் நார்னியாவில் ஆண்டுக்கணக்கில் அரசாள்கின்றனர். திரும்பி வரும்போது இங்கே காலம் சற்றும் கழியவில்லை. அவ்வாயில் அழைக்கப்பட்டோர்க்கே திறக்கிறது. வணிகன் ஒருவன் சரக்கேற்றிக்கொண்டு நார்னியாவிற்குச் செல்லும் முறையான பாதை ஏதும் இல்லை.

மூன்றாம் நிலை, நம் உலகைப் பற்றிய குறிப்பே இல்லாத தனியுலகு. அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ என்னும் தீவுக்கூட்டம் இதற்குத் தக்க சான்று. 1968இல் வெளிவந்த அதன் முதல் நூலில் வாயிலும் இல்லை. பழைய ஏடும் இல்லை. ஆயினும் தொடர்பு அறுந்துவிடவில்லை. அதன் நாயகனாகிய கெட் செம்பழுப்பு நிறத்தவன். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அப்பாத்திரத்திற்கு வெள்ளையின நடிகரைத் தேர்ந்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார். எவ்வளவு தொலைவில் வைத்தாலும் மாய உலகின் மக்கள் இவ்வுலக மக்களின் நிறத்தோடும் நிலையோடும் தொடர்புடையவர்களே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது, மாய உலகின் இடத்தை அளக்கத் தொலைவு மட்டும் போதாது என்பது புலனாகிறது. அங்குச் செல்ல வழி உண்டா, அவ்வழி யாருக்குத் திறந்துள்ளது, சென்றவர் எதைக் கொண்டு மீள்கிறார் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. தொலைவு, வழி, மீட்சி ஆகிய இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு மணிபல்லவத்தை அணுகுவோம்.

மணிபல்லவத்தின் தொலைவும் வழியும்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை முப்பது காதைகளால் ஆனது. உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக 1898இல் அச்சில் வெளிவந்த இக்காப்பியத்தில் மணிபல்லவம் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. உவவனத்திற்கு மலர் கொய்யச் சென்ற மணிமேகலையை அரசகுமாரன் உதயகுமரன் பின்தொடர, மணிமேகலா தெய்வம் அவளைத் துயிலும் நிலையில் எடுத்துச் சென்று அத்தீவில் வைக்கிறது. தன் முற்பிறப்பை உணர்த்தும் புத்த பீடிகையை அவள் அங்கே காண்கிறாள். வான்வழிச் செல்லவும், வேற்றுரு எய்தவும், பசியைத் தாங்கவும் உரிய மந்திரங்களைப் பெறுகிறாள். கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கையை அடைகிறது. இவையனைத்தும் மாய உலகிற்குரிய இலக்கணங்களே.

ஆனால் சாத்தனார் இத்தீவின் தொலைவை எண்ணிக்கையால் சொல்கிறார். புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை. யோசனை என்னும் அளவு இன்றைய கணக்கில் எவ்வளவு என்பது வேறு. திசையும் எண்ணும் உடைய இடமாக அவர் இதனை அமைத்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நார்னியாவிற்கு இத்தகைய எண்ணைத் தர இயலாது. நடுவுலகிற்கோ ஆண்டுக் கணக்கைத் தரலாம்; கல் கணக்கைத் தர இயலாது.

வழியைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் பெரியது. மணிபல்லவத்திற்குத் தெய்வம் மட்டும் செல்வதில்லை, கப்பலும் செல்கிறது. மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், பாண்டிநாட்டில் வளம் பெருகி இரப்போர் இல்லாமற்போகவே, மழையின்றி மக்கள் பசியால் மடியும் சாவக நாட்டிற்குக் கப்பலேறுகிறான். இடையில் அக்கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. தீவில் இறங்கிய அவன் ஏறிவிட்டதாக எண்ணி மாலுமிகள் பாய்விரித்துச் சென்றுவிடுகின்றனர். மாய உலகின் வரலாற்றையே மாற்றும் இந்நிகழ்ச்சிக்குக் காரணம் மந்திரமன்று; கப்பற்பயணத்தில் எவர்க்கும் நேரக்கூடிய ஒரு கவனக்குறைவு. சாவகத்தை ஜாவாவுடனும் அதனைச் சூழ்ந்த தீவுகளுடனும் ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். அவ்வாறாயின் மணிபல்லவம் தமிழகத்திற்கும் தென்கிழக்காசியாவிற்கும் இடைப்பட்ட கடல்வழியில் கப்பல்கள் தங்கிச் செல்லும் ஒரு தீவாகவே காப்பியத்தில் இடம்பெறுகிறது. இவ்வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தனிக்கவனத்திற்குரியது.

இக்காப்பியத்தின் மற்றொரு கடல்நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. ஆதிரையின் கணவனாகிய சாதுவன், கலம் உடைந்து நாகர் வாழும் தீவில் ஒதுங்குகிறான். மனிதரை உண்ணும் அவர்களிடமிருந்து அவன் உயிர் பிழைத்தமைக்குக் காரணம், அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையே. வேற்றுலகோடு உறவாடும் திறவுகோலாக இங்கு அமைவது மொழியறிவு. வியப்பிற்குரிய இடமும் பழகிய இடமும் ஒரே கடலின் இரு கரைகளாகவே சாத்தனாரிடம் உள்ளன.

மீட்சியின் பொருள்

தனித்து விடப்பட்ட ஆபுத்திரனின் முடிவு, மாய உலகைப் பற்றிய இக்காப்பியத்தின் கொள்கையையே உணர்த்துகிறது. அவன் கையில் இருப்பது வற்றாத உணவுக்கலம்; அவன் நிற்பதோ மக்கள் வழங்காத் தீவு. பிறர் பசியைத் தீர்க்கப் பெற்ற கலத்தால் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்வதில் பொருளில்லை எனக் கருதி, அதனைக் கோமுகியில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறான். ஆண்டிற்கொரு நாள் அது வெளிப்பட்டு, அறம் செய்வார் கையில் சேர்க என்பது அவன் வேண்டுதல். மாயப் பொருளுக்கு மாய உலகில் பயனில்லை. பசித்தவர் வாழும் ஊருக்கு வந்தபின்னரே அது அமுதசுரபியாகிறது.

எனவேதான் மணிமேகலை தீவில் தங்குவதில்லை. கலத்தோடு புகார் மீள்கிறாள். ஆதிரையிடம் முதற்பிச்சை பெறுகிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசியுற்ற காயசண்டிகையின் துயர் தீர்க்கிறாள். பின்னர் அரசனின் சிறைக்கோட்டமே அறக்கோட்டமாக மாறுகிறது. பிற்பகுதியில், சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்திருக்கும் ஆபுத்திரனை அவள் மணிபல்லவத்திற்கு வரச் செய்கிறாள். அவள் வான்வழி வருகிறாள். அவனோ கப்பலில் வருகிறான். முற்பிறப்பில் தான் விட்ட உடலின் என்பையும், தன்னைத் தேடி வந்து அங்கேயே உயிர்விட்ட வணிகர் ஒன்பதின்மரின் என்பையும் அவன் காண்கிறான். அரசாட்சியைத் துறக்க எண்ணும் அவனுக்கு அவள் கூறும் அறிவுரை, நாடு திரும்பி உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிக்க வேண்டும் என்பதே. மாய உலகு அவனைத் தன்பால் வைத்துக்கொள்ளவில்லை. அவன் நாட்டிற்கே திருப்பி அனுப்புகிறது.

டோல்கீனின் முடிவு இதற்கு நேர்மாறான திசையில் அமைகிறது. போரில் வென்ற ஃபிரோடோ, தான் காத்த ஊரில் வாழ இயலாத காயத்தோடு மேற்குக் கடலைக் கடந்து செல்கிறான். அவன் தோழன் சாம் மட்டும் வீடு திரும்புகிறான். எல்ஃப் இனத்தார் கலமேறி நீங்க, வியப்பு இவ்வுலகை விட்டு வடிகிறது. நாம் வாழும் காலம் அவ்வடிதலுக்குப் பின் எஞ்சியது. நடுவுலகு நம் உலகின் பழமையாக இருப்பதனாலேயே இத்துயரம் பிறக்கிறது. எர்த்ஸீயைப் போல அது தொடர்பற்ற உலகாக இருந்திருப்பின், அதன் இழப்பு நம் இழப்பாகியிராது.

கடல் கொண்டது எதனை?

இரு படைப்புகளிலும் கடல்கோள் ஒன்று உண்டு. டோல்கீன் மறைந்தபின் 1977இல் வெளிவந்த ‘தி சில்மரில்லியன்’ நூலில், நூமெனோர் என்னும் தீவின் அரசன் அர்-பரசோன் சாவாமையை விரும்பி, விலக்கப்பட்ட மேற்கு நிலத்தின்மேல் படையெடுக்கிறான். அதன் விளைவாக நூமெனோரைக் கடல் விழுங்குகிறது. அழியா நிலமோ உலகத்தின் வட்டத்திலிருந்து அகற்றப்படுகிறது. தட்டையாக இருந்த உலகு உருண்டையாகிறது. அதன்பின் மேற்கே செல்லும் மனிதன் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே அடைவான். நேர்வழி எல்ஃப்களுக்கும் அருள் பெற்ற மிகச் சிலர்க்கும் மட்டுமே உரியது.

மணிமேகலையில் கடல் கொள்வது புகாரை. நாகர்குலப் பீலிவளை தன் மகனைக் கம்பளச் செட்டியிடம் ஒப்படைக்க, அவன் மணிபல்லவத்திலிருந்து கொண்டுசென்ற கலம் உடைந்து குழந்தை காணாமற்போகிறது. மகனை இழந்த சோழ மன்னன் துயரால் இந்திர விழாவை மறக்கிறான். அதனால் நேர்ந்த சாபத்தால் நகரம் கடலுள் மறைகிறது. இச்செய்தியை மணிமேகலைக்கு உரைப்பவள், மணிபல்லவத்தின் பீடிகையைக் காக்கும் தீவதிலகை.

இவ்விடத்தில் இரு மரபுகளின் வேறுபாடு தெளிவாகிறது. டோல்கீனிடம் மாய நிலம் அகற்றப்பட, வழக்கமான உலகு எஞ்சுகிறது. சாத்தனாரிடமோ அங்காடியும் விழாவும் நிறைந்த, நாம் மெய்யென நம்பும் நகரம் அழிகிறது. மாயத்தீவு நின்று அவ்வழிவைச் சொல்கிறது. நிலையானது என நாம் கருதும் உலகே நிலையாமைக்கு முதலில் இரையாகிறது என்னும் பௌத்த நோக்கு, தனியே ஒரு போதனையாகக் கூறப்படாமல், இரு இடங்களை வைத்த முறையிலேயே உணர்த்தப்பட்டுவிடுகிறது. மணிபல்லவத்தை வெறும் ‘இயற்கை இறந்த நிகழ்ச்சி’யாகப் பட்டியலிடும்போது நாம் இழப்பது இந்நுட்பத்தையே.

நிலப்படத்தில் தேடுதல்

மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவாகக் கொள்ளும் கருத்து பரவலாக அறியப்பட்டது. நாக அரசர் இருவர் மணிப்பீடம் ஒன்றிற்காகப் போரிட, புத்தர் தோன்றி அமைதிப்படுத்தினார் எனப் பாலி மொழியிலமைந்த மகாவம்சம் நாகதீபத்தைப் பற்றிக் கூறுவதும், மணிமேகலையின் பீடிகை வரலாறும் ஒத்திருப்பது இதற்கு வலுவான சான்று. ஆயினும் மணிமேகலையில் நாகநாடு மணிபல்லவத்தினின்று வேறாகச் சுட்டப்படுவதால், இவ்விணைப்பு முழுமையாகப் பொருந்தாது என மறுப்போரும் உண்டு.

இத்தகைய ஆய்வு வேண்டியதே. திசையும் தொலைவும் தந்த புலவரின் கூற்றை வரலாற்றறிஞர் புறக்கணித்தல் இயலாது. ஆனால் இடம் கண்டறியப்பட்டதும் இலக்கிய வினா முடிந்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது. நயினாதீவில் இன்று நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் உள்ளன; இரு சமயத்தாரும் அத்தீவைப் போற்றுகின்றனர். அவர்தம் வழிபாடு நம் ஆய்வின் முடிவைச் சார்ந்து நிற்கவில்லை. ஆனால் திறனாய்வாளர் இடத்திற்கு உரிமை நாட்டும் சான்றாக மட்டும் காப்பியத்தைப் பயன்படுத்தினால், ஒரு முரண் விளைகிறது. பீடிகையை எடுக்கவும் இயலாமல், அதன்மேல் கொண்ட ஆசையை விடவும் இயலாமல் இரு மன்னர் பொருதனர் என்பதே அப்பீடிகையின் கதை. அக்கதையைச் சான்றாகக் காட்டிக்கொண்டு அதே பூசலைத் தொடர்வது காப்பியத்தைப் படித்ததாகாது.

வகுப்பறை நோக்கில்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படங்கள் 2001 முதல் 2003 வரை வெளிவந்த காலந்தொட்டு, மாய உலகுகள் நம் மாணவர்க்கு நன்கு பழகியவை. நடுவுலகின் படத்தை நினைவிலிருந்து வரையக்கூடிய மாணவரிடம், மணிமேகலை வான்வழிச் சென்ற நிகழ்ச்சியைக் கூறும்போது ஆசிரியர் சில வேளைகளில் தயங்குகிறார். அக்கால மக்களின் நம்பிக்கை என்று விளக்கி விரைவாகக் கடந்து செல்கிறார். மாணவரோ அத்தயக்கத்தைக் கண்டு, தமிழில் இருப்பது மூடநம்பிக்கை, ஆங்கிலத்தில் இருப்பது படைப்பாற்றல் என்னும் முடிவிற்கு வருவதற்கு இடமுண்டு. இது காப்பியக் கல்விக்கு நேரும் உண்மையான இழப்பாகும்.

மாறாக, இவ்வுலகிலிருந்து மணிபல்லவம் எவ்வளவு தொலைவு, அங்கு யார் யார் செல்கின்றனர், எவ்வாறு செல்கின்றனர், எதைக் கொண்டு வருகின்றனர் என்னும் வினாக்களை வகுப்பில் எழுப்பலாம். அதே வினாக்களை நார்னியாவிற்கும் நடுவுலகிற்கும் எழுப்பச் செய்யலாம். அப்போது ஒப்பீடு உயர்வு தாழ்வு காட்டும் கருவியாகாமல், ஒவ்வொரு படைப்பின் அறத்தையும் காணும் கருவியாக அமையும். டோல்கீனின் துயரத்திற்கு ஒரு பெருமை உண்டு. சாத்தனாரின் கொடைக்கு மற்றொரு பெருமை உண்டு. ஒன்றைப் போற்றுவதற்கு மற்றொன்றைக் குறைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மாய உலகு எங்கே உள்ளது என்னும் வினா, அவ்வுலகு உண்மையா பொய்யா என்னும் வினாவினின்று வேறானது. நடுவுலகு நம் மண்ணின் மறைந்த காலத்தில் உள்ளது. அதற்குரிய வழி அடைபட்டுவிட்டது. வாசகனிடம் எஞ்சுவது ஏக்கம். நார்னியா ஒரு வாயிலுக்கப்பால் உள்ளது. அழைப்புப் பெற்றோரே அதனை அடைவர். எர்த்ஸீக்கு வழியே இல்லை. எனினும் அது நம் உலகின் பாகுபாடுகளை நமக்குக் காட்டுகிறது. மணிபல்லவமோ முப்பது யோசனைத் தொலைவில், வணிகர் கலங்கள் செல்லும் கடலிலேயே உள்ளது. அங்கிருந்து வருவது உணவு.

காப்பியத்தின் வியத்தகு இடங்களை இந்நோக்கில் ஒவ்வொன்றாக ஆராயும் பணி நம்முன் உள்ளது. சாதுவன் ஒதுங்கிய நாகர் தீவும், புகாரிலேயே அமைந்த சக்கரவாளக் கோட்டமும், காயசண்டிகை பிறந்த விஞ்சையர் நகரமும் தத்தமக்கெனத் தொலைவும் வழியும் உடையவை. அவற்றைப் பட்டியலிலிருந்து மீட்டு, காப்பியத்தின் கடலிலும் நிலத்திலும் உரிய இடங்களில் வைத்துக் காண்போமாயின், சாத்தனார் எந்த உலகைப் பாடினார் என்பது மட்டுமன்றி, எந்த உலகிற்காகப் பாடினார் என்பதும் தெளிவாகும்.